காலையில் கண்ணாடி எண்ணும் வழக்கம்

நம் ஆய்வகத்தில் நீங்கள் இன்னும் காலையில் கண்ணாடிகளை எண்ணுகிறீர்களாம். லேசரைப் போடுவதற்கு முன்னால் மேசையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கண்ணாடியின் தாங்கியையும் விரலால் தொட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவர், "இன்னா சார் இது, நவக்கிரகம் சுத்துற மாதிரி" என்று சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரிக்கலாம். ஆரம்பத்தில் நாங்களும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். முன்னொரு காலத்தில் ஒரு கண்ணாடியை எண்ண மறந்து பெரிய தப்பு நடந்தது, அதனால் எண்ணுகிறோம் என்று. அது பாதிக் கதை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மந்தைவெளிக்கும் கடலுக்கும் நடுவே காரணமில்லாமல் நடந்துகொண்டிருக்கும் எனக்கு, மீதிப் பாதி இப்போதுதான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மேசை உங்களிடம் இருக்கிறது. கதையும் உங்களிடமே இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், என் பாஷையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஒளி சுழன்றுகொண்டே போகும். வெட்டவெளியில் அது இடமாகச் சுழன்றாலும் வலமாகச் சுழன்றாலும் அதன் வழி மாறாது. பஞ்சர் கடையில் தூக்கி நிறுத்திய ஆட்டோவின் சக்கரம் அது. எந்தப் பக்கம் சுற்றிவிட்டாலும் வண்டிக்கு ஒன்றுமில்லை. இறக்கி ரோட்டில் வையுங்கள். சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் சுழற்சியும் திசையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். இப்படிச் சுழன்றால் இந்தப் பக்கம், அப்படிச் சுழன்றால் அந்தப் பக்கம். தங்கத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஓடும் ஒளியும் அப்படித்தான். சுழற்சியைத் திருப்பினால் ஓட்டம் திரும்பும். மேற்பரப்பில் சின்னக் கீறல் இருந்தாலும் மேடுபள்ளம் இருந்தாலும் அந்தப் பிடி விடாது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஒன்று உண்டென்றால் அதுதான். மனிதர்களிடம் நான் காணாத ஒரு விசுவாசம்.

அந்த நாட்களில் எங்கள் மேசையின் ராணி பிலோமினா. சாந்தோம்காரி. அவள் வீட்டில் அப்பா, அம்மா, சித்தி, பெரியப்பா எல்லோரும் வாத்தியார்கள். "எங்க வீட்ல சாப்பாட்டு மேசைலயே கேள்வித்தாள் குடுப்பாங்கடா. டீச்சர் ஆகவே மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டுதான் பிசிக்ஸ் எடுத்தேன்" என்பாள். நானும் அவளும் ஒரே வயது. எனக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டிருந்தது. அவளுக்கு ஒப்பந்த வேலை, அதுவும் முடியும் தறுவாயில். அந்த வருடம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. தேர்வுக் குழுவின் முன்னால் தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். கிடைத்தால் இந்த மேசை அவளுடையது. கிடைக்காவிட்டால் சாப்பாட்டு மேசை.

மழைக்காலம். ஆய்வகத்தின் ஏசி ஒழுக ஆரம்பித்து, சொட்டுச் சொட்டாக மேசை விளிம்பில் விழுந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து மேசையைச் சுவரோரம் தள்ளினோம். தள்ளியதில் ஒளி வரும் வழியில் ஒரு தூண் குறுக்கிட்டது. பிலோ ஒரு கண்ணாடியை எடுத்து வைத்து ஒளியை வளைத்துக் கொண்டுபோனாள். ஐந்து நிமிட வேலை. எங்கள் கண்ணாடித் தாங்கிகள் எல்லாம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரே பட்டறையில் கடைந்தவை, ஒரே கறுப்பு. வைத்த மறுநாளே அது அங்கே பிறந்து வளர்ந்தது மாதிரி ஆகிவிட்டது.

நம் தொழிலில் யாரும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. ஒளி போகும் வழியில் அது ஒரு தெருமுனை, அவ்வளவுதான். ஆனால் சுழலும் ஒளிக்கு அது வெறும் தெருமுனை அல்ல. ஒரு கண்ணாடியில் பட்டால் இடச்சுழல் வலமாகும், வலச்சுழல் இடமாகும். இது முதல் வருடப் பாடம். முதல் வருடப் பாடத்தில் சறுக்க நிறைய அனுபவம் வேண்டும்.

மழை விட்டதும் அவள் ஸ்லைடில் பூசிய புதுத் தங்கப் படலம் ஒன்றை வைத்துப் படம் எடுத்தாள். தங்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒளி ஒரு பக்கமாக வழிந்து ஓடும். படத்தில் அது வால் நட்சத்திரக் கூட்டம் மாதிரி இருக்கும். அவள் என்னைக் கூப்பிட்டுத் திரையின் கீழ் மூலையைக் காட்டினாள்.

"டேய் சேகர், இந்த மூலையைப் பாரு. எல்லா வாலும் இடது பக்கம் போவுது. இந்த நாலஞ்சு மட்டும் வலது பக்கம். ஏன்டா?"

"தூசியா இருக்கும்."

"தூசிக்குத் திசை தெரியுமா?"

அப்போது எங்கள் தலைவர் வந்தார். அவர் பெயர் வேண்டாம். நல்ல மனிதர். படத்தை ஒரு பார்வை பார்த்தார், மழைக்கு முன்னால் வேறு படலத்தில் எடுத்த பழைய படத்தைப் பக்கத்தில் திறந்தார். அதில் எல்லா வால்களும் வலது பக்கம்.

"மூலைய விடும்மா," என்றார். குரல் நடுங்கியது. "மொத்தமே திரும்பியிருக்கு, பாத்தியா? அதே சுழற்சி, எதிர்ப்பக்கம் ஓடுது. இந்தப் படலத்துல என்னவோ பண்ணியிருக்கே நீ!"

அவர் சந்தோஷத்தில் பிழை இருக்கவில்லை. ஓடவே முடியாத பக்கம் ஒளி ஓடியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் குரல் நடுங்காது? அன்று மாலை எல்லோருக்கும் காபியும் போண்டாவும் வாங்கித் தந்தார். பிலோ போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பிறகு அவளும் சிரித்தாள். ஒரு மூலையை வைத்து வேலை வாங்க முடியாது. திரும்பி ஓடும் ஒளியை வைத்து வாங்கலாம்.

தேர்வுக் குழு மதியம் கூடுவதாக இருந்தது. குழுவினர் மேசையையும் பார்க்க விரும்பலாம் என்று, காலையில் நான் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கும் கை எண்ணும் கை. ஒளியைச் சுழல வைக்கும் தகட்டுக்குப் பிறகு ஒன்று, இரண்டு. அப்புறம் இன்னொன்று. கை அங்கேயே நின்றது.

பிலோ நடைவழியில் முணுமுணுத்துக்கொண்டே நடந்து பேச்சை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டு, அம்மாவுடையது.

"பிலோ, தகட்டுக்கு அப்புறம் எத்தனை கண்ணாடி?"

"ரெண்டு. ஏன்?"

"மூணு."

"போடா, இன்னிக்கு வெளாடாத."

வந்து பார்த்தாள். மூன்றாவது தாங்கியைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்கவில்லை. அவளுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய படம் இரண்டு கண்ணாடியோடு எடுத்தது, புதிய படம் மூன்று கண்ணாடியோடு. திரும்பியது ஒளியின் ஓட்டம் அல்ல, நாங்கள் அனுப்பிய சுழற்சி.

"ஏசி," என்றாள். "சனியன் பிடிச்ச ஏசி."

"பிலோ, இப்போதைக்குப் பேசிட்டு வா. அப்புறம் நாமே திருத்திக்கலாம். கட்டுரை எதுவும் இன்னும் வெளியே போகல."

"அப்புறம்னா எப்போ? ஆர்டர் கைக்கு வந்தப்புறமா?" பட்டுப் புடவையின் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்ல விடைத்தாளைக் குடுத்துட்டுத் திரும்ப வாங்கித் திருத்த விட மாட்டாங்கடா."

தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, "சொல்லிடும்மா. அதான் சரி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழுவின் முன்னால் அவள் திரையில் படத்தைப் போட்டு, "இது கண்டுபிடிப்பு இல்ல. ஒரு கண்ணாடியை எண்ண மறந்துட்டேன்" என்று ஆரம்பித்தாள். ஒருவர் அன்பாகத்தான் சிரித்தார்: "கண்ணாடி முன்னாடி நிக்க மறக்காத வயசும்மா, எண்ண மறக்கலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். அறை இறுக்கம் தளர்ந்தது. அவள் நேர்மையை வெகுவாகப் பாராட்டினார்கள். சில பாராட்டுகள் வெளிப்பக்கமாக மட்டுமே திறக்கும் கதவு. இடம் வேறு ஒருவருக்குப் போனது.

மறுவாரம் தலைவர் உத்தரவு போட்டார்: இனி தினமும் காலையில் எல்லோரும் கண்ணாடிகளைத் தொட்டு, சத்தமாக எண்ண வேண்டும். அவளைக் குத்திக்காட்டுவதற்காக அல்ல. அவர் தன்னையே நொந்துகொண்டு போட்ட உத்தரவு. நாங்கள் முணுமுணுப்பாக எண்ணினோம், வெட்கத்தோடு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு. பிலோ மட்டும் சிரிக்காமல் எண்ணினாள். எங்கள் எல்லோரையும்விட உரக்க. நடைவழியில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. ஒப்பந்தம் முடியும் வரை ஒரு காலைகூடத் தவறவில்லை. தண்டனையைத் தானே தனக்குக் கொடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். என்ன திடமான பெண் என்றும் நினைத்தேன்.

பிறகு அவள் போய்விட்டாள். அவளுடைய படலங்களில் இருந்த தங்கத்தை வழக்கம்போலக் கரைத்து எடுத்துவிட்டு, ஸ்லைடுகளைக் கழுவி அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டோம். உங்கள் பெட்டியில் இருக்கும் பழைய ஸ்லைடுகளில் ஒன்று அந்தப் படம் எடுத்த ஸ்லைடாக இருக்கலாம்.

இதுவரைக்கும் பாதிக் கதை.

மீதிப் பாதி எனக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. எனக்கு எப்போதும் வெட்டுகிறவர் அன்று பின்னந்தலைக்குப் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்து, "இன்னா சார், சுழி கிட்ட கிரவுண்டு ஆயிக்கினு வருது" என்றார். "உனக்கு ரெட்டைச் சுழி சார். தெரியுமா? வூட்ல ஒண்ணுதானே?"

"ஒண்ணையே சமாளிக்க முடியல."

"பாரு, ஒண்ணு இப்டிக்கா சுத்துது, இன்னொண்ணு அப்டிக்கா சுத்துது. மயிரு கொட்டினாலும் சுழி போவல பாரு."

நம்பாத முகத்தைக் கண்டு, என் கைபேசியை வாங்கி நேராக ஒரு படமும் எடுத்துக் காட்டினார். கண்ணாடியிலும் பார்த்தேன், படத்திலும் பார்த்தேன். கண்ணாடி எது இடம், எது வலம் என்பதை மாற்றலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றுவதை எந்தக் கண்ணாடியும் மாற்றாது. டோப்பாலஜி என்று நாம் வாய் நிறையச் சொல்வது வேறென்ன? எப்படி வாரினாலும் கலையாதது, எதில் பார்த்தாலும் எஞ்சி நிற்பது.

நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூலை. அந்த நாலைந்து வால்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த மூன்றாவது கண்ணாடி படத்தில் உள்ள எல்லா வால்களையும் திருப்பியிருக்கும். ஒன்று விடாமல். ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் திருப்ப எந்தக் கண்ணாடியாலும் முடியாது. கண்ணாடியை எடுத்திருந்தால் எல்லாம் வலது பக்கம் ஓடியிருக்கும், அந்த மூலை இடது பக்கம் ஓடியிருக்கும். அப்போதும் எதிராகவே. அவளுடைய முதல் கேள்வியைக் கண்ணாடி தொடவே இல்லை. மொத்தமும் ஏன் திரும்பியது என்ற தலைவரின் கேள்விக்குத்தான் அது பதில்.

ஒரு தவறு கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டால் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். அப்பாடா, இதுதான் காரணம் என்று. செய்தவருக்கே அந்த நிம்மதி வரும் என்று நினைத்துக்கொள்வோம். அந்த நிம்மதியில் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவோம். கண்ணாடியைக் காட்டியதற்கு நான் வருந்தவில்லை. காட்டியே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த அறையில் இருந்த அத்தனை படித்தவர்களில் ஒருவர்கூடப் படத்தை இன்னொரு முறை பார்க்கவில்லை என்பதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. நீங்கள் எண்ணுங்கள். எண்ணிக்கை தப்பினால் திருத்துங்கள். திருத்திவிட்டு, பிடிபட்டவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு அந்த வழக்கம் இருக்கவில்லை.

அவள் சாந்தோமில் அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்பது தெரியும். போகத்தான் கால் வரவில்லை. பழைய மின்னஞ்சல்களைத் துழாவி அந்தப் படத்தைக் கைபேசிக்கு இறக்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரமாகக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். வீடு வரை போக வேண்டியிருக்கவில்லை. நொச்சிக்குப்பத்து மீன் கடைகளுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவள் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரு, காலைலயே வந்து வெலைய அறுக்கற? சங்கரா கண்ணைப் பாரு, இன்னும் உசுரோட கீது."

"உசுரோட இருந்தா அதையே வெல சொல்லச் சொல்லு. நீ சொல்றது ஜாஸ்தி."

"பிலோ" என்றேன்.

திரும்பினாள். ஒரு கணம். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. "அட, சேகரு! முடியெல்லாம் எங்கடா போச்சு?"

"அதுவும் விருப்ப ஓய்வு வாங்கிடுச்சு."

மீன்காரம்மா சங்கராவைச் செதில் சுரண்ட ஆரம்பித்தார். பள்ளிக்கூடம், பிள்ளைகள், அவள் அம்மாவின் முட்டிவலி, என் நடை. பேச்சு அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. நான் தாங்க முடியாமல், "பிலோ, அந்த மூலை" என்றேன்.

எந்த மூலை என்று அவள் கேட்கவில்லை. செதில்கள் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"மூணாவது கண்ணாடிய தொட்டுக்கினு நின்னேனே, அப்பவே."

"அப்புறம் ஏன் சொல்லல? குழு முன்னாடி ஒரு வார்த்தை..."

"எப்டிடா சொல்றது? கண்ணாடி எண்ணத் தெரியல, ஆனா மூலைல என்னமோ கீதுன்னா? தோத்தவ சாக்கு சொல்றான்னு சிரிச்சிருப்பாங்க. ஏற்கெனவே ஒரு தரம் சிரிச்சாச்சு."

"தூசியாக்கூட இருந்திருக்கலாம்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"இருக்கலாம். பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." மீன்காரம்மாவிடம் பையை நீட்டினாள். "யாராவது ஒருத்தர், 'வாம்மா, கண்ணாடிய எடுத்துட்டு இன்னொரு தரம் பாத்துடலாம்'னு கூப்பிடுவீங்கன்னு கடைசி நாள் வரைக்கும் இருந்தேன். பின்ன ஏன் காலைல அவ்ளோ சத்தமா எண்ணினேன்னு நெனச்ச?"

கடல் இரைந்தது. கைபேசியை எடுத்துப் படத்தைத் திறந்து நீட்டினேன். ஈரக் கையாலேயே வாங்கினாள். வெகு நேரம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது அவளுக்கு மனப்பாடம் என்று தோன்றியது. ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பி, அதற்கு முன்னால் கைபேசியைப் பிடித்தாள்.

கண்ணாடிக்குள் வால் நட்சத்திரங்கள் மொத்தமும் பக்கம் மாறின. அந்த மூலை மட்டும் அப்போதும் எதிர்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"பசங்க யாராச்சும் புதுசா வந்துக்கீறாங்களா அங்க?" என்று கேட்டாள்.

"வந்திருக்காங்க. இன்னும் எண்ணுறாங்களாம்."

"சத்தமா எண்ணுறாங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைபேசியை என் கையில் வைத்து, மீன் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, வெயிலேறுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

திரையில் அவள் கையிலிருந்து ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது, சரியாக அந்த மூலையில். சட்டை நுனியால் துடைத்தேன். செதில் போய்விட்டது. வால்கள் இருந்தன.